சிறிய கிளினிக்கில் கணினிப் பதிவேடு: எங்கிருந்து தொடங்குவது?

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகத் தந்தை நடத்திவரும் கிளினிக்கில் சென்ற ஆண்டு சேர்ந்த இளம் மருத்துவர் ஒருவர் நான்கு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். எந்த மென்பொருளை வாங்கலாம், மரப்பெட்டிகளில் அடுக்கியிருக்கும் பழைய நோயாளி அட்டைகளையெல்லாம் கணினியில் ஏற்ற வேண்டுமா, தட்டச்சு செய்யவே மாட்டேன் என்னும் தந்தையை எப்படிச் சம்மதிக்க வைப்பது, இதெல்லாம் சட்டப்படி கட்டாயமா என்பவை அவை. கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார்: அப்பாவின் கையெழுத்தை அவரையும் கம்பவுண்டரையும் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தந்தை நாற்காலியை விட்டு எழுந்த பிறகும் அந்தத் தெருவில் உள்ள குடும்பங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கிளினிக்கில் மிஞ்சுமா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். அதை மனத்தில் வைத்தே மற்ற நான்குக்கும் பதில் சொல்கிறேன்.

நான் அதே பெங்களூருவின் அல்சூரில் இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். அதில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் கணினிப் பதிவேட்டோடு கழிந்தவை. தெரிந்த மருத்துவர்களின் ஐந்தாறு கிளினிக்குகள் காகிதத்திலிருந்து மாறியபோது உடனிருந்து பார்த்திருக்கிறேன். இவை எல்லாமே நோயாளி வந்து, பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பும் இடங்கள். படுக்கைகளும் அறுவை அரங்கும் உள்ள மருத்துவமனைகளின் சிக்கல்கள் வேறு வகை. அங்கே என் அனுபவத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டாம். சட்டத்தைப் பற்றிச் சொல்வதும் நமக்குப் பொருந்தும் விதிகளைப் படித்த ஒரு மருத்துவன் சொல்வது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மருத்துவர்களின் நடத்தையை நெறிப்படுத்தும் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரிமையுள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பதிவுகளைக் கணினிமயமாக்க முயற்சி எடுக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. முயற்சி என்றுதான் சொல்கின்றன. மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாப் பதிவுகளும் மின்னணு வடிவத்துக்கு மாற வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட்டில் புதிய விதிகளை வெளியிட்டது. அந்த மாதமே அவை நிறுத்திவைக்கப்பட்டு, பழைய 2002 விதிகள் திரும்பின. ஆகவே நாளைக்கே மாறாவிட்டால் தண்டனை என்று உங்களிடம் மென்பொருள் விற்க வருபவர் சொன்னால் நம்ப வேண்டாம். அதே சமயம், அந்த விதிகளில் புறநோயாளி அட்டைக்குக் கால வரம்பு இல்லையென்று அதை எடைக்குப் போடவும் வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் அதற்குப் பிறகும் ஏற்கலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு போன்று ஆயுளுக்கும் தொடரும் நோய்களின் பதிவை நான் அழிப்பதே இல்லை. அது சட்டத்துக்காகச் செய்வதன்று.

அடுத்தது, பலரும் குழம்பும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம். 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதுக்குமாகத் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் நோயாளிக்கு 14 இலக்க ஆபா எண், அதாவது அவருடைய உடல்நலக் கணக்கு எண், கிடைக்கும். மருத்துவருக்கும் கிளினிக்குக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. நோயாளி ஆபா எண் எடுப்பது அவர் விருப்பம். இல்லையென்பதற்காக அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. இன்னொன்றும் உறுதியானது: நீங்கள் எழுதும் குறிப்புகளையெல்லாம் டெல்லியில் ஒரே கணினியில் சேர்த்துவைக்கும் ஏற்பாடு அன்று இது. பதிவு எங்கே உருவானதோ அங்கேயே இருக்கும். நோயாளி ஒப்புதல் தந்தால் அந்தக் குறிப்பிட்ட பதிவு இன்னொரு மருத்துவமனைக்குப் போகும். உங்கள் தந்தைக்கு அந்த அச்சம் இருந்தால் இதை விளக்கலாம். நீங்கள் வாங்கும் மென்பொருள் இத்திட்டத்தோடு இணையும் தகுதி பெற்றதாக இருப்பது நல்லது. ஆனால் முதல் ஆண்டில் இணைப்பைப் பற்றிக் கவலைப்படாமல் உங்கள் மேசையை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள் என்பது என் கருத்து.

கணினிப் பதிவேட்டால் உண்மையில் என்ன பயன் என்பதை ஒரு நோயாளியை வைத்துச் சொல்கிறேன். ஐம்பத்தெட்டு வயது, பத்து ஆண்டுச் சர்க்கரை, ஆண்டுக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் முதல் ஆண்டு 0.9, அடுத்த ஆண்டு 1.1, அதற்கடுத்து 1.2; பிறகு 1.4. காகித அட்டையில் இவை நான்கும் நான்கு வெவ்வேறு பக்கங்களில் இருந்தன. நான் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து, வரம்புக்குள்தான் இருக்கிறது, அல்லது சற்றே தாண்டியிருக்கிறது, அடுத்த முறை பார்ப்போம் என்று கடந்திருக்கிறேன். அட்டையைக் கணினிக்கு மாற்றும்போது நான்கு எண்களும் ஒரே வரியில் வந்து நின்றன. சிறுநீரகம் நான்கு ஆண்டுகளாகப் பின்வாங்கிக்கொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன். விசாரித்தால், முழங்கால் வலிக்கு அவர் தினமும் மருந்துக்கடையில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். தகவல் முழுவதும் என் பெட்டியிலேயே இருந்தது. அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வழி இல்லாததால் எனக்குத் தெரியாமல் இருந்தது. எழுத்து தெளிவாக இருக்கும், அட்டை தேடும் நேரம் மிச்சம் என்று விளம்பரங்கள் சொல்லும் பயன்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும். சர்க்கரை நோயாளிகளில் ஓராண்டாகக் கண் பரிசோதனை செய்யாதவர்கள் யார் என்று கேட்டால் பெயர்ப்பட்டியல் வரவேண்டும். மரப்பெட்டி அதைச் சொல்லாது.

ஆனால் இந்தப் பயன் கிடைக்க எல்லாவற்றையும் கணினியில் தட்டவேண்டியதில்லை. மாறும் கிளினிக்குகள் முதல் மாதத்தில் செய்யும் பெரிய தவறு அதுதான். மென்பொருள் முப்பது கட்டங்கள் காட்டினால் முப்பதையும் நிரப்ப முயல்வார்கள், இரண்டாவது மாதம் களைத்துப்போய்க் காகிதத்துக்குத் திரும்புவார்கள். லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1968இலேயே, பதிவேட்டின் முதுகெலும்பு நோயாளியின் பிரச்சினைகளின் பட்டியல்தான் என்றார். அவர் சொன்னதை ஒட்டி நான் வைத்துக்கொண்ட அளவு இது: தொடரும் நோய்கள், இப்போது உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, பிறகு நோய்க்கேற்ற சில எண்கள். எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கிரியாட்டினின் ஆகியவை எனக்குப் போதும். இவற்றை மட்டும் தனித்தனிக் கட்டங்களில் எண்ணாகவே இட வேண்டும். பத்தியின் நடுவில் எழுதிய எண்ணைக் கணினி வரிசைப்படுத்திக் காட்டாது. மற்றதை, அதாவது நோயாளி சொன்னதையும் நீங்கள் நினைத்ததையும், எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். இரண்டு வரி தட்டுங்கள், அல்லது காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து இணையுங்கள்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவானால், அறுபது பேர் வரும் கிளினிக்கில் நாளுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். அமெரிக்காவில் 57 மருத்துவர்களைப் பக்கத்திலிருந்து கவனித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களின் பணிநேரத்தில் சுமார் 27 விழுக்காடே நோயாளியோடு நேரடியாகக் கழிந்தது, ஏறக்குறைய பாதி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் போனது என்று கண்டது. அங்கே காப்பீட்டு நிறுவனத்துக்காக எழுதும் சுமை பெரிது. அந்த எண்ணை அப்படியே லிங்கராஜபுரத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் திசை அதுதான் என்பதை என் அறையிலேயே பார்த்தேன். மாறிய முதல் மாதம், பல ஆண்டுகளாக வரும் ஒரு பாட்டி தலைச்சுற்றல் என்று வந்தார். நான் திரையைப் பார்த்தபடி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, "நீங்க எழுதி முடிங்க டாக்டர், நான் அப்புறம் சொல்றேன்" என்றார். எழுதி முடித்துத் திரும்பியபோது, "ஒண்ணுமில்ல, அவ்வளவுதான்" என்று எழுந்துவிட்டார். மருந்துக்குக் காசில்லாமல் பாதி மாத்திரையாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அடுத்த வாரம் அவர் மருமகள் சொல்லித்தான் தெரிந்தது.

அன்று மாலையே மேசையைத் திருப்பினேன். இப்போது திரை எங்கள் இருவருக்கும் பக்கவாட்டில் இருக்கிறது. நோயாளியும் அதைப் பார்க்கலாம். எடை, அழுத்தம், பழைய மருந்துகளின் பட்டியல் இவற்றை நோயாளி உள்ளே வருமுன் நர்ஸ் வெளியிலேயே பதிந்துவிடுவார். முதல் இரண்டு நிமிடம் விசைப்பலகையை நான் தொடுவதில்லை. மருந்து எழுதும்போது மட்டும் திரையைக் காட்டி, "இந்த மாத்திரை ராத்திரி ஒண்ணு, இது புதுசு" என்று சேர்ந்தே படிக்கிறோம். எந்த மென்பொருளை வாங்குகிறீர்கள் என்பதைவிடத் திரையை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கணினி பழைய தவறுகளைக் குறைக்கும். புதிய தவறுகளையும் கொண்டுவரும். அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் கணினிவழி மருந்து எழுதும் முறையை ஆராய்ந்து 2005இல் வந்த கட்டுரை, அந்த முறையே வழிவகுத்த 22 வகைப் பிழை வாய்ப்புகளைப் பட்டியலிட்டது. நம் மேசையில் நடப்பது எளிமையானது. ஆங்கிலத்தில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின்னும் மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலினும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். விரல் ஒரு வரி கீழே இறங்கினால் போதும். எனக்கு அது நடந்தது. எதிர்க்கடை மருந்தாளுநர் கவனித்துப் போன் செய்ததால் தப்பினோம். கையெழுத்து மோசமாக இருந்தால் படிப்பவர் சந்தேகப்பட்டுக் கேட்பார். அச்சடித்த தவறு சரியானது போலவே தோன்றும். இதைவிட அஞ்ச வேண்டியது, சென்ற முறைக் குறிப்பை அப்படியே நகலெடுக்கும் பொத்தான். வயிற்றைப் புரட்டியது என்று நோயாளி சொன்னதை யாரோ ஒருமுறை 'பெனிசிலின் ஒவ்வாமை' என்று பதிந்தால், அது ஆண்டுக்கணக்கில் நகலாகி, தேவைப்படும் நாளில் அந்த மருந்தை அவருக்குக் கிடைக்காமல் செய்துவிடும். ஒவ்வாமைக் கட்டத்தில் மருந்தின் பெயரோடு என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்: தடிப்பா, மூச்சுத்திணறலா, வாந்தியா என்று.

பெங்களூருவில், குறிப்பாக நம் தமிழ்க் குடும்பங்கள் வரும் கிளினிக்குகளில், எல்லாரும் எளிது என்று நினைத்துக் கோட்டைவிடும் இடம் நோயாளியின் பெயர். முருகேசன் என்பவர் என் பழைய பதிவில் நான்கு பேராக இருந்தார். ஒரு முறை முன்னெழுத்தோடு, ஒரு முறை அது இல்லாமல், ஒரு முறை ஆதாரில் உள்ளபடி தந்தை பெயர் பின்னால் ஒட்டியபடி, ஒரு முறை வரவேற்பில் இருந்த கன்னடப் பெண்ணின் காதில் விழுந்தபடி முருகேஷ் என்று. நான்கு பதிவிலும் நான்கு துண்டு மருத்துவ வரலாறு. மென்பொருள் விற்பவர் பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்துத் தேடினால் போதும் என்பார். ஆனால் நம் முதியவர்கள் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆதார் எடுக்கும்போது ஆண்டை மட்டும் சொன்னவர்களுக்கு ஜனவரி 1 என்று பதிவாகியிருக்கும். புத்தாண்டு அன்று பிறந்தவர்கள் என் பதிவேட்டில் அவ்வளவு பேர். தொலைபேசி எண்ணை வைத்துத் தேடலாம் என்றால், ஒரு வீட்டில் ஐந்து பேருக்கும் மகனுடைய எண்ணே இருக்கும். அந்த எண்ணும் இரண்டு ஆண்டில் மாறிவிடும்.

ஆகவே கிளினிக்கின் சொந்த எண் ஒன்றை ஒவ்வொரு நோயாளிக்கும் கொடுங்கள். அதைச் சிறிய அட்டையில் அச்சிட்டுக் கையில் தாருங்கள். ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருப்பார்கள், கொண்டும் வருவார்கள். உங்கள் தந்தை குடும்ப அட்டை முறையில் வைத்திருந்தால் அந்த எண்ணையே தொடருங்கள். கடைசியில் ஆளுக்கு ஓர் இலக்கம் சேர்த்தால் போதும். பெயரை ஆதாரில் உள்ளபடி ஒரு கட்டத்திலும், வீட்டில் அழைக்கும் பெயரையும் தெருவையும் இன்னொரு கட்டத்திலும் இடுங்கள். 'பூக்கடை முருகேசன்' என்று எழுதி வைத்ததால் சரியான ஆளைக் கண்டுபிடித்த நாட்கள் எனக்கு உண்டு. புதிய பதிவு தொடங்கும் உரிமையை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். அவர் தேடிப் பார்த்து இல்லையென்று உறுதி செய்த பிறகே புதிய எண் பிறக்க வேண்டும்.

தொலைபேசி எண்ணோடு இன்னொரு ஆபத்தும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மென்பொருள் தானாகவே மருந்துச் சீட்டையும் பரிசோதனை முடிவையும் பதிவான எண்ணுக்கு அனுப்பும். அந்த எண் மாமியாருடையதாக இருந்தால், மருமகளின் கர்ப்பப் பரிசோதனை முடிவு அவள் பார்க்குமுன் வீடு முழுவதும் தெரிந்துவிடும். தானாக அனுப்பும் வசதியை முதல் நாளே அணைத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் "இந்த நம்பருக்கு அனுப்பலாமா, இது யாருடையது" என்று கேட்டுப் பதிந்த பிறகு மட்டும் திறந்துவிடுங்கள். 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் பொருந்தும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சிறிய கிளினிக்குக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரே கடவுச்சொல்லைத் திரை ஓரத்தில் ஒட்டிவைத்து எல்லாரும் பயன்படுத்துவது, நோயாளிகளின் அறிக்கைகள் ஊழியர்களின் சொந்த வாட்ஸ்அப்பில் கிடப்பது இரண்டையும் நிறுத்த இந்தச் சட்டம் வரும்வரை காத்திருந்திருக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனி நுழைவு இருந்தால்தான் எந்தக் குறிப்பை யார், எப்போது எழுதினார், எப்போது திருத்தினார் என்பது தெரியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சான்றிதழோடு நீதிமன்றத்தில் முன்வைக்கலாம். திருத்தினால் பழைய வரி சுவடின்றி மறைந்துவிடும் மென்பொருளில் எழுதிய பதிவு அங்கே உங்களைக் காக்காது.

இப்போது, எந்த மென்பொருள் என்ற கேள்வி. பெயர் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டேன். இன்று நன்றாக இருக்கும் நிறுவனம் நாளை எப்படி இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நான் முதலில் வாங்கியதை நடத்திய நிறுவனம் நான்காம் ஆண்டில் கடையை மூடியது. பதிவுகளைத் தாருங்கள் என்று கேட்டதற்கு, ஒவ்வொரு வருகையும் தனித்தனிப் பிடிஎஃப் கோப்பாக ஒரு குறுந்தட்டில் வந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகள்; எதிலும் எண்களைத் தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது. மீண்டும் மரப்பெட்டிதான், இந்த முறை கணினிக்குள். அதனால் வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பத்துப் போலி நோயாளிகளை உள்ளிட்டு, எல்லாத் தரவையும் அட்டவணையாக வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். எண்கள் எண்களாகவே, நாள் வாரியாக வந்தால் மேலே பேசலாம். நோய்ப் பெயர்களுக்கு ஐசிடி அல்லது ஸ்னோமெட் என்ற பன்னாட்டுப் பொதுக் குறியீடுகளைப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள். 2014இல் இந்தியா ஸ்னோமெட்டை நிர்வகிக்கும் பன்னாட்டு அமைப்பில் உறுப்பினரானதால் ஸ்னோமெட்டுக்கு நம் நாட்டில் உரிமக் கட்டணம் கிடையாது; நடுவண் சுகாதார அமைச்சகம் 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்திய தரநிலைகளும் இதையே பரிந்துரைக்கின்றன. குறியீடு இருந்தால் நாளை வேறு மென்பொருளுக்குப் போனாலும் பொருள் மாறாது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள் வேண்டுமென்றால், சத்தீஸ்கரின் கனியாரி கிராம மருத்துவமனைக்காக உருவாகி இன்று பல நாடுகளில் ஓடும் பாஹ்ம்னி இருக்கிறது. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஆள் தேவை. இரண்டு மருத்துவர்கள் மட்டும் உள்ள கிளினிக்குக்கு அது பெரிய சட்டை.

மழைக்காலத்தில் மாலை ஆறு மணிக்கு மின்சாரம் போகும். இணையமும் கூடவே போகும். வெளியே இருபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். இணையம் இல்லாமலும் பதிய முடிகிறதா என்பதை விற்பவரின் அலுவலகத்தில் பார்க்க வேண்டாம். உங்கள் கிளினிக்கில் ரவுட்டரை அணைத்துப் பாருங்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலால் முடங்கியபோது, நாட்டின் பெரிய மருத்துவமனையே ஏறக்குறைய இரண்டு வாரம் காகிதத்துக்குத் திரும்பியது. எனவே ஒவ்வோர் இரவும் ஒரு பிரதி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியைத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது. மேசை இழுப்பறையில் ஒரு கட்டு வெற்றுச் சீட்டு எப்போதும் இருக்கட்டும்.

பழைய அட்டைகளுக்கும் தந்தைக்கும் வருகிறேன்; இரண்டும் ஒரே விஷயம். எல்லா அட்டைகளையும் ஸ்கேன் செய்ய ஆள் வைக்க வேண்டாம். முப்பத்திரண்டு ஆண்டு அட்டைகளில் பெரும் பகுதி இனி வராதவர்களுடையது. இடம் மாறியவர்கள், இறந்தவர்கள், ஒரே ஒரு முறை காய்ச்சலுக்கு வந்தவர்கள். தொடர் நோயாளிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வந்துவிடுவார்கள். யார் வருகிறாரோ அவருடைய அட்டையை மட்டும் அன்று எடுத்து, படம் பிடித்து, அவர் எண்ணோடு இணையுங்கள். ஆறு மாதத்தில், உயிரோட்டமுள்ள அட்டைகள் பெரும்பாலும் தாமாகவே மாறிவிட்டிருக்கும். மிச்சத்தைப் பெட்டியிலேயே உலர்வாக வைத்திருங்கள்.

உங்கள் தந்தையைத் தட்டச்சு செய்ய வைக்க முயலவே வேண்டாம். அவர் காகிதத்திலேயே எழுதட்டும். கம்பவுண்டருக்குக் கையெழுத்து படிக்கத் தெரியும் என்று சொன்னீர்களே, இன்று உங்கள் கிளினிக்கில் இதற்குப் பொருத்தமானவர் அவரே. தந்தை எழுதிய சீட்டைப் பார்த்து மருந்துகளையும் எண்களையும் அவர் உள்ளிடட்டும். மாலையில் நீங்கள் ஒருமுறை சரிபாருங்கள். என் அனுபவத்தில் மூத்த மருத்துவர்கள் மறுப்பது கணினியை அன்று; நோயாளியிடமிருந்து முகத்தைத் திருப்பச் சொல்வதைத்தான். அந்த மறுப்பு நியாயமானது.

அவரிடம் கேட்க வேண்டியது வேறு ஒன்று. அட்டையில் 'தூக்க மாத்திரை, அரை' என்று மட்டும் இருக்கும். மூத்த மகன் விபத்தில் போன ஆண்டிலிருந்து அந்த அம்மா தூங்குவதில்லை என்பது அவர் நினைவில் மட்டும் இருக்கும். இவருக்கு ஊசி என்றால் மயக்கம் வரும், இவர் மருந்தைத் தவறாமல் வாங்குவார் ஆனால் போடமாட்டார், இந்த வீட்டில் மூன்று தலைமுறையாக ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு என்பவையெல்லாம் எந்த அட்டையிலும் இருக்காது. நாளைக்கு வரப்போகும் தொடர் நோயாளிகளில் ஐந்து பேருடைய அட்டையை இன்று இரவு கிளினிக் மூடிய பிறகு மேசையில் வையுங்கள். ஓர் அட்டைக்கு ஐந்து நிமிடம் அவர் பேசட்டும், நீங்கள் தட்டுங்கள். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம், நாளும் உங்கள் இருவர் பெயரும் கீழே இருக்கட்டும். பிறர் அறியக் கூடாது என்று அவர் சொல்வதை மருத்துவர் மட்டும் திறக்கும் பகுதியில் இடுங்கள். மென்பொருள் இன்னும் வாங்கவில்லையென்றால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குடும்ப எண்ணைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள், பிறகு ஏற்றலாம். வயது முதிர்ந்தவர்களின் அட்டைகளிலிருந்து தொடங்குங்கள்.